தரமாட்டேன் என்ற மிஷின்

"கைய எடுங்க சார்!"

கத்திக்கொண்டே பாய்ந்த நாகவல்லி, மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினியர் ஞானசம்பந்தத்தின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டாள். அவருடைய ஆள்காட்டி விரல் பொத்தானுக்கு ஓர் அங்குலம் மேலே அந்தரத்தில் நின்றது. அது இறங்கியிருந்தால், அவள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய காவல் புரோகிராம், மிஷினின் நினைவிலிருந்து அடியோடு துடைக்கப்பட்டிருக்கும்.

"விடும்மா! பத்து மணிக்கு தேவகோட்டைக்காரங்க வந்து நிப்பாங்க. நீ வாசல்ல உட்கார வெச்சிருக்கிற காவல்காரன் கதவைத் திறக்கமாட்டேங்கிறான். அவனைச் சீட்டுக் கிழிச்சு அனுப்பிட்டா எல்லாம் சரியாயிடும்."

"அவன் திறக்கலைன்னா ஏதோ காரணம் இருக்கு சார்."

"என்ன காரணம்? நேத்து சாயங்காலம் இதே மிஷின், இதே புரோகிராம், சமர்த்தா 'தந்தேன்'னு சொல்லிச்சா இல்லையா? பொழுது விடிஞ்சதும் மனசு மாறிப்போச்சா?"

பதில் சொல்வதுபோல மூலையிலிருந்த டெலிடைப் என்ற தட்டச்சு மிஷின்தான் மறுபடி தடதடவென்று அடித்தது. அதற்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து மட்டும். ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழ் பேசக்கூடாது என்று யார் சொன்னது? நாகவல்லி கற்றுக்கொடுத்திருந்தாள்.

THARAMAATTEN.

தரமாட்டேன்!

"பாருங்க, திமிர!" என்றார் ஞானசம்பந்தம். "மெட்ராஸ்ல எத்தனை மிஷின் பார்த்திருக்கேன். எதுவும் என்னை இப்படி எதிர்த்துப் பேசினதில்லை. வளர்ப்பு அப்படி!"

கழுத்து மப்ளரை இறுக்கிக்கொண்டு நின்ற எலக்ட்ரீஷியன் முத்துராமன் களுக்கென்று சிரித்துவிட்டு, அவர் முறைத்ததும் ஏ.சி.யைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டான்.

எழுபத்தாறாம் வருடத்துத் தை மாதம். வெளியே காரைக்குடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே, நாச்சியப்பன் செட்டியார் வீட்டு இரண்டாம் கட்டில், ஊட்டிக் குளிர். மூன்று தலைமுறைக் கல்யாணங்களுக்குப் பந்தி போட்ட கூடத்தில் இரண்டு ஏ.சி. வைத்து, பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே அந்தக் கம்ப்யூட்டரைக் குடிவைத்திருந்தார் செட்டியார். பினாங்கில் ஒரு ரப்பர் கம்பெனியை மூடியபோது, மற்றவர்கள் மேஜை நாற்காலியை வாங்க, இவர் இதை வாங்கிக் கப்பலேற்றினார். உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "இது என்னண்ணே, பீரோவா? துணி வைக்க இடத்தக் காணோமே!" என்று கேட்டுப்போனார்கள்.

மிஷின் வந்த மரப்பெட்டி இன்னும் முற்றத்தில்தான் கிடந்தது. மூடி திறந்தபடி, வாயைப் பிளந்துகொண்டு.

நாகவல்லி அந்தப் பெட்டியைப் பார்க்காமலேதான் முற்றத்தைக் கடப்பாள். ஒரு மிஷினை மூன்று பேருக்கு வாடகைக்கு விட்டால்தான் இந்தத் தொழில் நிற்கும் என்பது செட்டியார் போட்ட திட்டம். ஒரு நூற்பாலை சரி சொல்லிவிட்டது. ஒரு பாலிடெக்னிக் சரி சொல்லிவிட்டது. மூன்றாவது, தேவகோட்டைப் பக்கத்துப் பால் உற்பத்தியாளர் சங்கம். இன்றைக்கு அவர்கள் பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்றால், வெள்ளிக்கிழமை மிஷின் அந்தப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறும்.

அதோடு அவளும் சொந்த ஊரான கல்லலுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். "காரைக்குடின்னா போயிட்டு வா. மெட்ராஸ், பம்பாயின்னு பேச்செடுத்தா கால ஒடிச்சுப்புடுவேன்" என்று அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார். மதுரையில் கணக்குப் படித்துத் தங்கப்பதக்கம் வாங்கியவளுக்கு, எட்டுகிற தூரத்தில் இருந்த கம்ப்யூட்டர் இந்த ஒன்றுதான். இது போனால், அவள் வாழ்க்கையில் வேறு மிஷின் கிடையாது.

வேலை என்னவோ சுவாரசியமானது. மூன்று வாடிக்கையாளர்கள்; ஒரே மிஷின். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மிஷின் இருப்பதுபோலவே தோன்றவேண்டும். கையேட்டில் அதற்கு 'விர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். நாகவல்லி அதை 'நிழல் மிஷின்' என்றாள். ஞானசம்பந்தம் அதைக் கரும்பலகை நிறையப் படம் போட்டு விளக்கியபோது அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. மதியம் சாப்பாட்டுக்கு உள்கட்டுக்குப் போனபோது பளிச்சென்று விளங்கிவிட்டது.

செட்டியார் வீட்டு வழக்கம் அது. அண்ணன் தம்பி எல்லோரும் ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே முற்றம். ஆனால் கல்யாணமானால் ஒவ்வொருவரும் தனிப் புள்ளி, அதாவது தனிக் குடும்பம். தனி அறை, தனி அடுப்பு, தனிச் சமையல். அண்ணன் வீட்டு வத்தக்குழம்பு வாசனை தம்பி அடுப்பங்கரைக்கு வரலாம், வத்தல் வரக்கூடாது. அந்த அறைகள் எல்லாமே ஒரு தூணில் தொடங்கி ஒரு தூணில் முடிந்தன. எந்த அறையும் பாதித் தூணிலிருந்து தொடங்கவில்லை.

மிஷினின் நினைவும் அப்படித்தான். வரிசையாக ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒவ்வொரு நிழல் மிஷினுக்கும் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூண்வரை இடம். எந்தக் கட்டத்திலிருந்து இடம் தொடங்குகிறது என்பதை முகப்புப் பலகையில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளை வைத்துச் சொல்லவேண்டும். கீழே தள்ளியிருந்தால் சுழி. மேலே தூக்கியிருந்தால் ஒன்று. கடைசி சுவிட்ச் ஒரு கட்டத்துக்கு, அதற்கு முந்தையது இரண்டுக்கு, அதற்கும் முந்தையது நான்குக்கு என்று இரட்டிக்கும். தூணில் தொடங்கவேண்டுமானால், வரிசையின் கடைசிப் பன்னிரண்டு சுவிட்சுகளும் கீழேயே இருக்கவேண்டும். நாகவல்லி எழுதியது அதைப் பார்க்கும் காவல்காரனைத்தான். தூணில் தொடங்கினால், 'தந்தேன்.' இல்லையென்றால், 'தரமாட்டேன்.' அவ்வளவே அவனுக்குத் தெரிந்த பேச்சு. ஏன் தரமாட்டேன் என்பதையும் அவன் சொல்வதற்கு மிஷினில் இடம் போதவில்லை.

இப்போது அதுதான் உயிரை வாங்கியது.

"சுவிட்சப் பார்த்தீகளா சார்?"

"பார்க்காம இருப்பேனா? நேத்து நான் வெச்சது வெச்சபடி இருக்கு. மேலே தூக்க வேண்டியது இதோ, இடதுபக்கம், தூக்கியிருக்கு. மிச்சம் எல்லாம் கீழே."

நாகவல்லியும் குனிந்து பார்த்தாள். இடதுபக்கம் சரி. நடுவில் சரி. வலதுபக்கம் அருகம்புல் மாலை தொங்கியது. காலையில் நடந்த பூஜையில் சாத்தியது. பலகை முழுக்கச் சந்தனப் பொட்டு, குங்குமம். ஈரம் சொட்டும் அந்த மாலையைப் பார்த்ததிலிருந்து ஞானசம்பந்தம், "ஷார்ட் சர்க்யூட் ஆனா பிள்ளையார் வந்து சால்டர் பண்ணுவாரா?" என்று பொருமிக்கொண்டிருந்தார். ஆனால் மாலையை எடுக்க அவருக்கும் தைரியம் வரவில்லை. பால் சங்கத் தலைவி வீரலட்சுமி, விடியற்காலையிலேயே பிள்ளையார்பட்டியில் கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து வாங்கிவந்து தன் கையாலேயே போட்ட மாலை அது. போட்டுவிட்டு, "கோவிலூர்ல ஒரு சோலி இருக்கு, முடிச்சுட்டு பத்து மணிக்கு வாரேன்" என்று போயிருந்தார். அந்த அம்மாளின் மாலையைக் கழற்றிவைத்துவிட்டு அவரிடமே வியாபாரம் பேச முடியுமா?

உள்ளே நுழைந்தார் நாச்சியப்பன். நெற்றியில் விபூதி, முகத்தில் பீதி.

"என்னம்மா சொல்லுது?"

"தரமாட்டேன்னு சொல்லுதுங்க."

"எத்தன தடவ?"

"கேட்ட தடவையெல்லாம்."

"முருகா!" செட்டியார் தூணில் சாய்ந்துகொண்டார். "இன்னொரு தடவ கேட்டுப்பாரும்மா. மொத்தம் ஒத்தப்படையா வரட்டும்."

ஞானசம்பந்தம் தலையில் அடித்துக்கொண்டார். செட்டியாரின் இந்தப் பழக்கம் ஊரறிந்தது. கார் நம்பர் ஒன்றில் முடியவேண்டும். போன் நம்பர் ஒன்றில் முடியவேண்டும். மொய் வைத்தால் நூற்றியொன்று, பலகாரம் கொடுத்தாலும் ஐம்பத்தொன்று. சுழியில் முடிந்தால் அத்தோடு முடிந்துபோகும், ஒன்றில் முடிந்தால் வளரும் என்பார்.

"நாகவல்லி, ஒரு ஒப்பந்தம்" என்றார் ஞானசம்பந்தம், குரலைத் தணித்து. "உன் காவல்காரனை நான் அழிக்கலை. ஒரே ஒரு தடவை, அவனைத் தாண்டிக் குதிச்சு உள்ளே போய்ப் பார்ப்போம். சங்கத்துக்கு உண்டான இடம் முழுக்க ஒரே எழுத்தை நிரப்புவோம். பாலுக்கு 'P'. சரியா நிரம்பிச்சுன்னா, கோளாறு உன் காவல்காரன்கிட்டதான். ஒத்துக்கிறியா?"

நாகவல்லி யோசித்தாள். கேட்பது நியாயம்தான்.

"சரி சார். ஒரே தடவ."

ஞானசம்பந்தத்தின் விரல்கள் பலகையில் விளையாடின. டெலிடைப் உறுமியது. தாள் நகர்ந்தது. P, P, P, P... வரிவரியாக, ஒரு பிசிறில்லாமல், சங்கத்தின் நிழல் மிஷின் முழுக்க P.

"பார்த்தியா! பாலாறு ஓடுது!" என்று கையைத் தட்டினார் ஞானசம்பந்தம். முத்துராமன் விசிலடித்தான். செட்டியார் தூணைக் கட்டிக்கொண்டு, "அப்பனே, கற்பக விநாயகா!" என்றார். "இது போதும். இதையே காட்டிப்புடுவோம். காவக்காரன் பாவம், ஒரு நாள் லீவு எடுத்துக்கட்டும்."

நாகவல்லி மட்டும் சிரிக்கவில்லை. அண்ணன் அறை நிரம்பிவிட்டது, சரி. பக்கத்துத் தம்பி அறையை யார் பார்த்தது?

"இருங்க சார். அடுத்த இடத்துல இருக்குற மில்லோட லிஸ்ட்டையும் ஒரு தடவ அடிச்சுப் பார்த்துருவோம்."

"அதை எதுக்கு? மில்லுக்காரங்க ஏற்கெனவே நம்ம கைக்குள்ள."

அவள் கேட்கவில்லை. நூற்பாலையின் நிழல் மிஷினைக் கூப்பிட்டு, ஆட்களின் பெயரை அடிக்கச் சொன்னாள். முதல் ஆளின் பெயர் அவளுக்கு மனப்பாடம். ஸ்பின்னிங் மேஸ்திரி சின்னக்கருப்பன். எஸ்ஸில் தொடங்கி ஆங்கிலத்தில் நீட்டி முழக்கி அவளே ஏற்றிய பெயர்.

டெலிடைப் அடித்தது.

PINNAKKARUPPAN.

"யாரு அக்கா அது பின்னக்கருப்பன்?" என்றான் முத்துராமன். "புதுசா ஆள் சேர்த்துருக்காகளா?"

ஞானசம்பந்தத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார். மற்ற பெயர்கள் எல்லாம் சரி. இந்தப் பெயரிலும் மற்ற எழுத்தெல்லாம் சரி. முதல் எழுத்து மட்டும் P.

"நம்ம P!" என்றார் மெதுவாக. "சங்கத்தோட P, மில்லுக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு!"

நாகவல்லிக்குள் என்னவோ மின்னல் வெட்டியது. அறை நிறையச் சாமான் அடுக்கினால் கடைசி மூட்டை அடுத்த வீட்டு நிலைப்படியில் போய் விழுந்திருக்கிறது. ஒரே ஒரு மூட்டை. இரண்டு விழுந்திருந்தால் இரண்டாவது எழுத்தும் கெட்டிருக்குமே! அப்படியானால் அறை ஒரு கட்டம் தள்ளித் தொடங்கியிருக்கிறது. சரியாக ஒன்று. ஒன்று என்றால்...

அவள் இரண்டு கையாலும் அருகம்புல் மாலையைத் தூக்கினாள்.

வரிசையின் கடைசி சுவிட்ச், குங்குமம் அப்பிய முனையோடு, மேலே பார்த்து நின்றுகொண்டிருந்தது.

நான்கு பேரும் அதையே பார்த்தார்கள்.

"முத்துராமா!" என்று உறுமினார் ஞானசம்பந்தம்.

"அய்யோ, நானில்ல சார்! கற்பக விநாயகர் சத்தியமா நான் விரல்கூட வைக்கல. கேட்டவுகளுக்கு விளக்கம் சொன்னதோட சரி!"

"அப்போ..." ஞானசம்பந்தத்தின் பார்வை சுழன்று செட்டியார்மேல் விழுந்தது. நாகவல்லியின் பார்வையும் விழுந்தது. முத்துராமன் மப்ளருக்குள் வாயை மறைத்துக்கொண்டான்.

"என்னை எதுக்குப் பார்க்குறீக?"

"ஒண்ணுல முடிஞ்சா வளரும்னு சொல்றவர் இந்த வீட்டுல யாருங்க?" என்றார் ஞானசம்பந்தம்.

"அடப்பாவிகளா! நான் மொய்யில ஒண்ணு வைப்பேன், சீர்ல ஒண்ணு வைப்பேன். மிஷினத் தொட்டா ஷாக் அடிக்கும்னு நான் இந்தத் தூணத் தாண்டி இதுவரைக்கும் வந்ததே இல்லையே!"

அது உண்மை. செட்டியார் சொந்த மிஷினைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. பூஜைக்குக்கூட எட்டி நின்றுதான் பூப் போட்டார்.

பின்னே யார்?

வாசலில் ஜீப் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை. வந்துவிட்டார்கள்!

நாகவல்லி கடைசி சுவிட்சைக் கீழே தட்டினாள். சின்னக்கருப்பனுக்கு அவருடைய S-ஐத் திருப்பிக் கொடுத்தாள். மாலையை ஓரமாக ஒதுக்கினாள். ஞானசம்பந்தம் அவளைத் தடுக்கவில்லை. தானே காவல்காரனை மறுபடி வாசலில் உட்காரவைத்தார். பொத்தானை அழுத்தினார்.

THANTHEN.

"தந்துட்டான்!" என்று பெருமூச்சு விட்டார். "அம்மா நாகவல்லி, நான் சொன்னதெல்லாம் வாபஸ். உன் காவல்காரனுக்கு இன்னிக்கே பிரமோஷன்!"

செட்டியார் அதற்குள் அவள் காதருகே வந்திருந்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். நடந்தத ஒருத்தரும் மூச்சு விடப்படாது. மிஷினு நல்ல மிஷினு, ஒரு தும்மல் கிடையாது. அம்புட்டுத்தான்."

வீரலட்சுமி நல்ல உயரம். நாலு ஊர்ப் பால்காரர்களை மேய்த்துப் பழகிய குரல். பாலில் தண்ணீர் கலந்தவன் அவர் எதிரில் நின்றால், அவர் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டுவிடுவானாம். பின்னாலேயே சங்கத்து உறுப்பினர் மலையாண்டி. வீரலட்சுமி யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக முகப்புப் பலகைக்குப் போனார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் இறுகியிருந்தது.

"மாலைய யாரு நகட்டுனது?"

செட்டியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தான்மா" என்றாள் நாகவல்லி.

வீரலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "ம், காட்டுங்க."

காட்டினார்கள். பால் ஊற்றுகிறவர்களின் பெயர், ஊர், கறவை மாடு, எல்லாம் தாளில் பொரிந்து விழுந்தது. அதே நேரத்தில் பக்கத்திலிருந்த இன்னொரு டெலிடைப்பில் நூற்பாலையின் வேலை ஓடியது. மலையாண்டி இரண்டையும் மாறிமாறிப் பார்த்து வாயைப் பிளந்தார். வீரலட்சுமியின் முகத்தில் மட்டும் ஒரு கோடு அசையவில்லை.

"ஒரே மிஷினுங்குறீக. ரெண்டு பேருக்கும் இதே வயித்துக்குள்ளதான் இடம். எங்க சமாச்சாரம் மில்லுக்காரன் கைக்குப் போயிராதுன்னு என்ன நிச்சயம்?"

"போகவே போகாதுங்க" என்று முந்திக்கொண்டார் செட்டியார்.

"நீங்க சும்மா இருங்க செட்டியாரே. அந்தப் புள்ள சொல்லட்டும்."

நாகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். முற்றத்துப் பெட்டி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. 'ஒரு தும்மல் கிடையாது' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் இந்த அம்மாள் கேட்பது நிச்சயத்தை. நிச்சயம் எங்கிருந்து வருகிறது? காலையில் அந்தக் காவல்காரன் கதவைத் திறக்க மறுத்ததிலிருந்துதானே!

"இன்னைக்குக் காலையில போயிருச்சும்மா" என்றாள்.

செட்டியார் தூணைப் பிடித்தார். ஞானசம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

"ஒரே ஒரு எழுத்து. உங்க இடம் எந்தத் தூண்ல தொடங்கணுமோ அதுல தொடங்கல. யாரோ இந்தக் கடைசி சுவிட்சத் தூக்கிவிட்டுட்டாக. அதனால ஒரு கட்டம் தள்ளிப் போயிருச்சு. நம்ம மிஷினு கண்டுபிடிச்சுத் தரமாட்டேன்னுருச்சு. நாங்கதான் நம்பாம, அதத் தாண்டிக் குதிச்சுப் பார்த்தோம். குதிச்ச உடனே உங்க எழுத்து மில்லுக்குள்ள விழுந்து, சின்னக்கருப்பன் பின்னக்கருப்பன் ஆயிட்டாரு."

மலையாண்டி குபீரென்று சிரித்துவிட்டு, தலைவியைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"ஒண்ணுதானே?" என்றார் வீரலட்சுமி. "போனாப் போகுதுன்னு விடப்படாதா?"

"படாதும்மா. ஒண்ணுன்னாலும் பக்கத்து வீட்டுத் தரைதானே?"

"யாரோ தெரியாத்தனமா, நல்ல மனசோட தூக்கிவிட்டிருந்தா?"

"நல்ல மனசெல்லாம் அதுக்குத் தெரியாதும்மா. தூண்ல தொடங்குதான்னு மட்டும் பார்க்கும்."

"சங்கத் தலைவியே வந்து கேட்டா?"

நாகவல்லி அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். "தரமாட்டேன்னுதான் சொல்லும்."

வீரலட்சுமியின் தோள் குலுங்கியது. அது வயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டைக்கு வந்து, கூடமே அதிரும் சிரிப்பாக வெடித்தது. மூக்குத்தி மின்ன, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"சொல்லத்தான்யா சொல்லுச்சு! என்கிட்டயே சொல்லிப்புடுச்சு! அடியே, அதத் தூக்கிவிட்டதே நான்தான்!"

ஞானசம்பந்தத்தின் கண்ணாடி தரையில் விழுந்தது. நல்லவேளை, உடையவில்லை.

"காலையில மாலை போடுறப்ப இந்த மப்ளர்த் தம்பிகிட்ட, இது என்னய்யா வரிசையாப் பல்லு மாதிரின்னு கேட்டேன். மேல தூக்குனா ஒண்ணு, கீழ கிடந்தா சுழின்னுச்சு. பார்த்தா, வரிசை பூராச் சுழியில முடியுது. எங்க சங்கத்துக்குக் குடுக்குற இடம், சுழியில முடிஞ்சா மனசு கேக்குமா? பூச வச்ச கையோட கடைசியில ஒண்ண வச்சுட்டுப் போனேன்."

"கேட்டவுகளுக்கு விளக்கம் சொன்னேன்னு அப்பவே சொன்னேன்ல!" என்று துள்ளினான் முத்துராமன்.

"பத்து மணிக்கு வந்து பார்க்குறேன், நான் வச்ச ஒண்ணக் காணோம். எனக்கு எப்படி இருக்கும்? வச்ச கையத் தட்டிவிட்ட மாதிரி இருந்துச்சு." வீரலட்சுமி நாகவல்லியின் மோவாயைப் பிடித்து ஆட்டினார். "இப்பத்தான் தெரியுது, தட்டிவிட்டது யாருன்னு. சரி, சமத்தா ஒரு யோசன சொல்லு. என் ஒண்ண நான் எங்கிட்டுதான் வைக்கிறது?"

"வாசப்படியில வைக்க வேண்டாம்மா. வீட்டுக்குள்ள வைப்போம்."

நாகவல்லி சுவிட்சுகளை அப்படியே விட்டுவிட்டு, சங்கத்தின் இடத்தில் முதல் கட்டத்தைத் திறந்தாள். வீரலட்சுமியின் விரலைப் பிடித்து, டெலிடைப்பின் விசை ஒன்றின்மேல் வைத்து அழுத்தினாள். சங்கத்தின் முதல் கட்டத்தில், தூணை ஒட்டி, கச்சிதமாக ஒரு 1 போய் உட்கார்ந்தது. மிஷின் முரண்டு பிடிக்கவில்லை. தாளில் ஒரே வார்த்தை விழுந்தது.

THANTHEN.

"தந்துருச்சு!" என்று குழந்தைபோலக் கைதட்டினார் வீரலட்சுமி.

ஞானசம்பந்தம் குனிந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். சிரிப்பை அடக்க முடியாமல், "மெட்ராஸ்ல போய்ச் சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபிறகும் நாச்சியப்பன் சிரிக்கவில்லை. முற்றத்துப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தூணை விட்டு இரண்டடி முன்னால் வந்தார்.

"எல்லாம் சரிங்க. சங்கத்து முடிவு என்னன்னு இன்னும் நீங்க வாயைத் திறக்கலையே? கோவிலூர்லேருந்து வந்தப்ப மூஞ்சியும் சரியில்ல. நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?"

வீரலட்சுமி எழுந்தார். ஒதுக்கிவைத்த அருகம்புல் மாலையை எடுத்து, சுவிட்சுகள் மறையாதபடி பார்த்துப் பலகையின் உச்சியில் சாத்தினார்.

"என்ன செட்டியாரே, மொய்யில ஒண்ணு வைக்கிற வழக்கத்த உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா? சம்மதம் இல்லாத வீட்டுல யாராச்சும் ஒண்ணு வைப்பாகளா? காலையில விளக்கேத்தி வச்சப்பவே நான் முடிவு பண்ணியாச்சு. அந்த சுவிட்சுதான்யா என் சம்மதம்!"